நான் கழுவாத கைகளால் ஏந்திய ஆட்டுக்குட்டி

கொரோனா பதினான்கு நாளில் என்னை விட்டுப் போனது. அதன் பயம் இரண்டு வருடமாகப் போகவில்லை.

நான் கொழும்புத்துறையில் தையல் வேலை செய்கிறவள். தனிமைப்படுத்தல் நிலையத்திலிருந்து வீடு திரும்பியதும் கை கழுவத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. கதவைத் தொட்டால் கழுவுவேன். துணியைத் தொட்டால் கழுவுவேன். விரல்கள் வெடித்து, ஊசி பிடிக்க முடியாமல் தையலே நின்றுபோனது. என் கணவர் கிணற்றடியில் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது. அவர் கோபிக்கவே இல்லை. "நீர் சொன்னால் கத்தரிக்காயையும் குளிப்பாட்டுறன்" என்பார். எனக்குச் சிரிப்பு வராது. செத்தால் நல்லது என்றுகூட நினைத்திருக்கிறேன்.

ஜெபித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, நீளமாக ஜெபிக்கத் தெம்பில்லை. "கர்த்தாவே, இன்றைக்கு ஒரேயொன்றையாவது பயமில்லாமல் தொடச் செய்யும்" என்று மட்டும் கேட்டேன். உட்காரும் கதிரை, வேதாகமம், ஏதாவது சுத்தமான ஒன்றைத்தான் நினைத்திருந்தேன்.

ஆமென் சொல்லி எழும்ப, பக்கத்து வீட்டுப் பாக்கியமக்கா வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார். அவருக்குக் கை முறிந்து கட்டுப் போட்டிருந்தது.

"பிள்ளை, ஓடி வா. ஆடு குட்டி போடேலாமல் கிடக்குது. குட்டியின்ரை கால் மடங்கிப்போச்சு. நான் சொல்லித்தாறன், நீ இழு."

"என்னாலை ஏலாதக்கா."

"ரெண்டும் செத்துப்போகும், பிள்ளை."

எப்படிப் போனேன் என்று தெரியாது. கையை உள்ளே விட்டு, மடங்கிய காலை நிமிர்த்தி இழுத்தேன். குட்டி வழுக்கி என் மடியில் விழுந்தது. மூச்சில்லை. என் சட்டையால் மூக்கைத் துடைத்து நெஞ்சைத் தேய்த்தேன். தும்மியது, நேரே என் முகத்தில். அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். குட்டி எழுந்து பால் குடிக்கும்வரை கை கழுவும் நினைவே வரவில்லை.

மாலையில் பயம் திரும்பி வந்தது. ஆனால் என்னாலும் முடியும் என்று கண்டுவிட்டேன். திங்கட்கிழமை கணவருடன் ஆஸ்பத்திரிக்குப் போய் மனநல டொக்டரைக் கண்டேன்.

"இதுவும் காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம்தான் அம்மா, மாறும்" என்றார்.

மருந்தும் பயிற்சியுமாகச் சில மாதங்கள் போயின. தையல் மெஷின் மறுபடி ஓடுகிறது. போன ஞாயிறு ஆலயத்தில் எல்லாருக்கும் கை கொடுத்தேன்.

அன்பானவர்களே, இப்படிப் பயம் உங்களுக்கும் இருந்தால் கர்த்தரிடம் சொல்லுங்கள். டொக்டரிடமும் சொல்லுங்கள், அவரையும் கர்த்தரே தருகிறார். நான் டொக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு வருடத்தை இழந்தேன். நீங்கள் ஒரு நாளையும் இழக்க வேண்டாம்.