சீனுவின் முதல் பதிப்புகள்

போன வாரம் மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு பழைய புத்தகக் கடையில் தோல் அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றைப் பிரித்தேன். ஈரம் கண்ட தோலும் பழைய பசையும் கலந்த வாசனை. கடைக்காரர் விலை சொல்லிக்கொண்டிருந்தார். நானோ அக்ரஹாரத்தில், ருக்மிணி மாமி வீட்டுக் கூடத்துக்குப் போய்விட்டிருந்தேன்.

மாமியின் ஒரே மகன் சீனு. மகாராஜா காலத்து மைசூரில் என்னோடு பொருளாதாரம் படித்தவன். நாங்களெல்லாம் பரீட்சைக்குப் படித்தோம். அவன் பழைய பொருளாதார நூல்களின் முதல் பதிப்புகளுக்கு ஏங்கினான். "முதல் பதிப்புலதாண்டா எழுதினவனோட தடுமாற்றம் இருக்கும். அப்புறம் எல்லாத்தையும் திருத்திடுவா" என்பான். மேல்படிப்புக்கு லண்டன் போனான். யுத்தத்தின் நடுவே அவன் ஊருக்குத் திரும்பிய கப்பல் மூழ்கியது. ஆசை ஆசையாகச் சேர்த்த புத்தகப் பெட்டியும் அவனோடு போயிற்று என்றுதான் நினைத்தோம்.

யுத்தம் முடிந்ததும் மாமி அதே புத்தகங்களை வாங்கத் தொடங்கினார். பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு வியாபாரி லண்டனிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். மாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. பார்சல் வந்தால் எனக்கு ஆள் அனுப்புவார். கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நான் போய், முதல் பதிப்புதானா என்று பார்த்துச் சொல்லவேண்டும். சீனு சொல்லித் தந்ததில் பாதிதான் நினைவிருந்தது. மீதியை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சமாளிப்பேன். புத்தகம் சீனுவின் அறைக்குப் போகும். அங்கே அவன் கட்டிலுக்கு மாமி அன்றாடம் கொசுவலை கட்டிவந்தார். மாமா அந்தப் பக்கமே போகமாட்டார்.

ஒரு மத்தியானம் பார்சலைப் பிரித்த மாமி அட்டையின் உட்புறத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார். தமிழில் சீனுவின் கையெழுத்து. கீழே லண்டன் என்று எழுதியிருந்தது.

"இது அவன் புஸ்தகம்னா, பெட்டி முழுகலையாப்பா?"

பெட்டி தப்பியிருந்தால் அவனும் தப்பியிருக்கலாம். அதைத்தான் கேட்கிறார். மாமா கதவோரம் வந்து நின்றார். இருவரும் என் வாயையே பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. முடியவில்லை. கப்பல் ஏறுவதற்கு முன்பே அங்கே விற்றிருப்பான் என்றேன்.

"ஹௌதா" என்றார் மாமி, அப்படியா என்று கன்னடத்தில். அந்தக் கையெழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மாமாவைப் பார்த்து, "நன்னா சாப்பிடறேன்னுதானே எழுதிண்டிருந்தான்? பசிச்சிருக்கு, கொழந்தைக்கு" என்றார்.

அது முதல் பதிப்பா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பார்சல் எதுவும் வரவில்லை. நான் எப்போது போனாலும் மாமி இலை போட்டு, நான் நிமிர்வதற்குள் மறுபடி பரிமாறுவார். போதும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மகாராஜா ஆட்சி போனது. மாமா போனார், மாமியும் போனார். புத்தகங்களை யாரோ உறவுக்காரர் மதராசுக்குக் கொண்டுபோனதாகக் கேள்வி. வீடு இருந்த இடத்தில் இப்போது வரிசையாகக் கடைகள். சீனு என்றால் எந்தச் சீனு என்று கேட்காத ஆள் இந்த ஊரில் இன்று நான் ஒருவன்தான்.