ரத்தம் கொடுக்காமல் திரும்பிய மூன்று பேர்

சுமதி, குமரா, பெங்களூர் போயிருக்கிறேன் என்றதும் மாடி பஸ் பார்த்தீர்களா, லால்பாக் பார்த்தீர்களா என்று கேட்டீர்கள். இரண்டையும் பார்க்கவில்லை. பார்த்ததை வாயால் சொல்ல வரவில்லை, எழுதித் தருகிறேன்.

தொண்ணூற்றாறாம் வருஷம், ஒரு புதன்கிழமை. காலை ஐந்தரை மணிக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து வேனில் ஆறு பேர் கிளம்பினோம். ஆறு பேரும் லாரி பாடி கட்டும் ஒரே பட்டறை. எங்களோடு வெல்டிங் பார்த்த செல்வம் பிழைப்புக்காகப் பெங்களூர்ப் பக்கம் பொம்மனஹள்ளிக்குப் போனவன். அங்கே கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். ரத்தம் கொடுக்க மூன்று பேர் வேண்டும் என்று அவன் மனைவி போன் செய்திருந்தாள். எங்களில் மூத்தவரான பெருமாள் அண்ணன், எதற்கும் இருக்கட்டும் என்று ஆறு பேராகத் திரட்டிவிட்டார்.

ஐம்பது கிலோமீட்டர் தாண்டி ஓசூரில் இட்லி சாப்பிட்டோம். டீ இரண்டு ரூபாய். ரத்தம் எடுத்தால் மயக்கம் வரும் என்று பயந்து மாணிக்கம் எட்டு இட்லியை உள்ளே தள்ளினான்.

“டேய், ஊசி குத்துனா சாம்பார்தான்டா வரப்போவுது” என்றார் அண்ணன்.

சிரித்துக்கொண்டேதான் போனோம். அத்திப்பள்ளியில் கர்நாடக எல்லை. அதைத் தாண்டினால் சந்தாபுரா, பிறகு பொம்மனஹள்ளி. கடைப் பலகையெல்லாம் கன்னடம், கடைக்குள்ளே பேச்சு பாதிக்குமேல் தமிழ். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான், லாரி நெரிசலில் ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்பதேகால் ஆகிவிட்டது.

செல்வம் எங்களைப் பார்த்ததும் அழுதான். தைரியம் சொல்லிவிட்டுக் கீழே ரத்த வங்கிக்குப் போனோம். மாணிக்கத்தையும் சேர்த்து மூன்று பேர் கொடுத்தார்கள். நானும் பெருமாள் அண்ணனும் இன்னொருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நாளைக்கு அவனுக்கு மறுபடி தேவைப்பட்டால் நாம் இருக்கிறோம் என்பது அண்ணன் கணக்கு.

பதினோரு மணி இருக்கும். நாற்பது வயதுள்ள ஒரு பெண், கையில் சீட்டோடு என் எதிரே வந்து நின்றாள். கன்னடமும் தமிழுமாகப் பேசினாள். அவள் வீட்டுக்காரருக்கு ஒரு மணிக்கு வயிற்றில் ஆபரேஷனாம். ஓர் ஆள் ரத்தம் கொடுத்தால்தான் உள்ளே கூட்டிப்போவார்களாம். அவர்களுக்கு ஆள் இல்லை.

“தயவிட்டு, தயவுசெஞ்சு அண்ணா, ஒரு பாட்டில்தான்” என்றாள்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? என்ன வியாதி என்று கேட்கவில்லை. அவள் பேரைக்கூடக் கேட்கவில்லை.

“நீங்க எந்த ஊரும்மா?” என்றேன்.

கனகபுரா பக்கம் என்றாள், கர்நாடகத்து ஊர். நான் பெருமாள் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். எங்கள் ஆளுக்காகவே வந்திருக்கிறோம் என்று அவர் சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன். அவள் அடுத்த பெஞ்சுக்குப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் வெளியே வந்து, கூட்டம் போடாமல் சொல்ப தள்ளி நிற்கச் சொன்னார். பெங்களூரில் எல்லாவற்றுக்கும் இந்தச் சொல்ப உண்டு, கொஞ்சம் என்று அர்த்தம். எங்கள் ரத்தம் செல்வத்துக்கு எப்போது ஏறும் என்று அவரிடம் கேட்டேன்.

“அது அவருக்கு ஏறாதுங்க. டெஸ்ட் பண்ணி வெப்போம், யாருக்குப் பொருந்துதோ அவங்களுக்குப் போகும். உங்காளுக்கு முந்தாநேத்தே மூணு பாட்டில் ஏத்தியாச்சு. அதுக்கு பதிலாத்தான் நீங்க குடுக்குறீங்க.”

“முந்தாநேத்து ஏத்துனது யார் குடுத்தது?”

“யாருக்குத் தெரியும்?” என்று உள்ளே போய்விட்டார்.

செல்வம் உடம்பில் மூன்று பாட்டில் ஓடுகிறது, அதில் ஒரு சொட்டுகூட எங்களுடையது இல்லை. கொடுத்த யாரும் அவன் ஊரைக் கேட்டிருக்க மாட்டார்கள். எழுந்து அந்த அம்மாளைத் தேடினேன். பெஞ்சுகளில் இல்லை. மாடிப்படி அருகே கண்டேன். வீட்டுக்காரரைத் தள்ளுவண்டியில் திரும்ப வார்டுக்குக் கொண்டுபோனார்கள். வேறொருவர் பேரை முன்னால் போட்டு, இவரை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டார்களாம். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்தவரைப் பார்த்தமாதிரி தலையசைத்துவிட்டுப் போனாள்.

அண்ணனிடம் சொன்னேன்.

“ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் ஓடுனா நம்மாளுக்கு யாருடா ஓடுவா? அவன் பொண்டாட்டி நம்மளத்தானே கூப்ட்டா?” என்றார்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்த போன் வராவிட்டால் நாங்கள் ஆறு பேரும் கிளம்பியிருக்கவே மாட்டோம். அப்போதாவது நான் உள்ளே போய்க் கையை நீட்டியிருக்கலாம். வேன் காத்திருந்தது, ஏறிவிட்டேன். கொடுக்காத மூன்று பேரின் ரத்தமும் அத்திப்பள்ளி தாண்டி ஊருக்கே திரும்பி வந்தது.

பிள்ளைகளே, நீங்கள் இருவரும் படுத்திருந்தால் முதலில் உங்களுக்குத்தான் கொடுப்பேன். அதற்கு வெட்கப்பட மாட்டேன். ஆனால் அன்று செல்வத்துக்கு அது தேவைப்படவில்லை. நம்மவனுக்கு ஒருவேளை வேண்டியிருக்குமோ என்று, அப்போதே தேவைப்பட்டவருக்கு இல்லை என்றோம். அவள் கிருஷ்ணகிரி என்று சொல்லியிருந்தால் நான் சட்டைக் கையை மடித்திருப்பேன். இதை நினைத்தால் இன்றும் எனக்குத் திக்கென்கிறது.

அடுத்த திங்கட்கிழமை பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல், பஸ்ஸில் தனியாகப் போனேன். ரத்த வங்கியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நோயாளி பெயர் என்று ஓர் இடம் இருந்தது. எனக்குத் தெரியாது. ‘புதன்கிழமை பெஞ்சில் வந்து கேட்ட அம்மாளின் வீட்டுக்காரர்’ என்று தமிழில் எழுதினேன். குமாஸ்தாவுக்குத் தமிழ் படிக்க வராதுபோல, முத்திரை குத்தி உள்ளே அனுப்பிவிட்டார். போய்ப் படுத்துக் கையை நீட்டினேன்.