அணைந்த பெட்டியிலிருந்து வந்த பட்டியல்

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் துளியும் நம்பிக்கை கிடையாது. எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் ஏன் உறைந்து விழுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் பன்னிரண்டு வருஷமாக என் வேலை. எதற்கும் ஒரு காரணம் இருக்கும், கிடைக்கவில்லை என்றால் நான் ஒழுங்காகத் தேடவில்லை, அவ்வளவுதான். அன்று காலை வண்டியை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் தாண்டி சாலவாக்கம் பக்கம் போகும்போதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

போனது குமரேசன் வீட்டுக்கு. நானும் அவனும் ஒரே டீம். ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்புகளை இன்னொரு கம்ப்யூட்டர் ஒயர் வழியாகக் கேட்டு வாங்கிக் காட்டும், அந்த மென்பொருள்தான் எங்கள் பிழைப்பு. கொடுக்கும் பக்கம் சர்வர், அது அவன் வேலை. கேட்கும் பக்கம் கிளையண்ட், அது என் வேலை. வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது அவன் ஊருக்கு வந்து, நெல் மூட்டை போடும் அறையில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைச் சர்வராக வைத்துக்கொண்டான். பிறகு ஒருநாள் காலை டவுன் பஸ் ஏறி உத்திரமேரூருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. போன் மேஜைமேலேயே இருந்தது. போலீஸ், ஆஸ்பத்திரி, பேப்பரில் போட்டோ, எல்லாம் ஆயிற்று. பதினாலு மாசம்.

அவன் அம்மா தனலட்சுமி மட்டும் அந்தப் பெட்டியை அணைக்கவே இல்லை. "அவன் சொல்லிட்டுத்தான் போனான் நைனா, இந்தப் பொட்டிய மட்டும் நிப்பாட்டாதம்மான்னு" என்பார். நல்லவேளை. ஏனென்றால் உள்ளே இருக்கும் டிஸ்க் முழுக்கப் பூட்டுப் போட்டது, ஒருமுறை அணைந்தால் அவன் பாஸ்வேர்டு இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் வரை, அவன் அனுமதி கொடுத்து வைத்திருந்த என் லேப்டாப்பிலிருந்து மட்டும் பார்க்கலாம். பார்த்தேன், மூன்று முறை போய். எல்லா ஃபோல்டரிலும் வேலை சம்பந்தப்பட்டதுதான். ஒரே ஒரு ஃபோல்டர், பேரே இல்லாமல் வெறும் புள்ளி போட்டது, அதைத் தொட்டால் என் லேப்டாப்பின் கெர்னலே செத்துவிடும். கம்ப்யூட்டருக்கு அடிவேரே கெர்னல்தான், அது போனால் எல்லாம் போச்சு, திரை அப்படியே உறைந்துவிடும். என் பக்கத்துக் கோளாறு, நான் எழுதிய கிளையண்ட். அதை உட்கார்ந்து சரி செய்திருக்கலாம். அதற்குள் ஏதாவது இருந்து, அது கெட்ட செய்தியாக இருந்தால் அந்த அம்மாவிடம் யார் சொல்வது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இதுதான் உண்மை.

முந்தின நாள் அவரே போன் பண்ணினார். "இன்வெர்ட்டரு ரெண்டு மணி நேரத்துலயே கத்துது நைனா. மெக்கானிக்கு வர்றேன் வர்றேன்னு சொல்லிக்கினே கீறான். நாளைக்கி ஒம்போதுலேர்ந்து அஞ்சு வரிக்கும் கரண்ட் எடுத்துடுவாங்களாம், மாசா மாசம் எடுக்கறாங்களே அது. எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல."

எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "பதினோரு மணிக்கு பேட்டரியோட அங்க கீறேன் சார்" என்றான். ஒன்பதுக்கு கரண்ட் போனது. மின்விசிறி, பிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இன்வெர்ட்டரைப் பெட்டிக்கு மட்டும் விட்டோம். என் லேப்டாப்பையும் பெட்டியையும் ஒரே ஒயரில் நேராக இணைத்தேன், நடுவில் எதுவும் கிடையாது, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் சாகும்போது கடைசியாக என்ன உளறுகிறது என்று பிடித்து வைக்க இன்னொரு பழைய லேப்டாப்.

ஃபோல்டரைத் தொட்டேன். விழுந்தது. மறுபடி கிளப்பி, மறுபடி தொட்டு, மறுபடி விழுந்தது. ஐந்தாவது தடவையில் பிடிபட்டது. சர்வர் ஒவ்வொரு கோப்புக்கும் பேரை அனுப்பி, கூடவே விவரமும் அனுப்ப வேண்டும், யாருடையது, எவ்வளவு பெரிசு, எப்போது எழுதியது என்று. இந்த ஃபோல்டரில் பேர் வருகிறது, விவரம் வரவில்லை. விவரம் கண்டிப்பாக வரும் என்று நம்பி நான் எழுதியிருந்த வரி, இல்லாததைப் படிக்கப் போய்ச் செத்துக்கொண்டிருந்தது. திருத்த மூன்றே வரி. மூன்று வரிக்குப் பதினாலு மாசம் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

திருத்தி, கம்பைல் பண்ணி ஏற்றும்போது மணி பதினொன்றரை. இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்திருந்தது. மெக்கானிக் போனை எடுக்கவில்லை. தனலட்சுமியம்மா மூட்டைமேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை விழவில்லை. பட்டியல் வந்தது. ஒவ்வொரு கோப்பின் பேரும் ஒரு தேதி. அவன் போன நாளிலிருந்து தினம் ஒன்று. விவரம் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறி. தானாக ஓடும் ஏதோ ஒரு புரோகிராம் தினம் ஒரு காலிக் கோப்பு போடுகிறது என்று நினைத்தேன், அதுவரை வந்ததை இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். இன்றைய தேதி வரைக்கும் வந்து நின்றபோது இன்வெர்ட்டர் கத்துவதை நிறுத்தியது. பெட்டியின் விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது.

"நின்னுச்சா?" என்றார்.

"நின்னுடுச்சும்மா."

அழவில்லை அவர். முந்தானையால் பெட்டிமேல் இருந்த தூசியைத் துடைத்தார். என் திரையில், சர்வர் பதில் தரவில்லை, தொடர்ந்து முயல்கிறேன் என்று ஒரு வரி. எங்கள் கிளையண்ட் அப்படித்தான், லேசில் விடாது, நாம் நிறுத்தும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு நிறுத்த மனசு வரவில்லை, நிறுத்தி என்ன செய்யப் போகிறேன். அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உச்சி வெயில், நல்ல வெளிச்சம், நான் தூங்கி வழியவும் இல்லை. பன்னிரண்டு ஐம்பதுக்கு அடுத்த வரி வந்தது. சர்வர் சரியாகிவிட்டது என்று.

நம்பினால் நம்புங்கள். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், ஆறிப் போயிருந்தது. ஒயர் மாட்டிய இடத்தில் பச்சை விளக்கு எரியவில்லை. ஊரிலேயே கரண்ட் இல்லை. திரையில் பட்டியல் விட்ட இடத்திலிருந்து ஓடியது, நாளைய தேதி, மறுநாள், அதற்கு அடுத்த நாள், இன்னும் வராத மாசங்கள், எல்லாவற்றுக்கும் கேள்விக்குறி. ஒரு தேதியோடு நின்றது. அந்தக் கடைசிக் கோப்புக்கு மட்டும் எல்லா விவரமும் இருந்தது. உரியவர் குமரேசன். எழுதப்பட்ட நேரம், இன்றைய தேதி, பன்னிரண்டு ஐம்பது.

"இன்னா நைனா, இன்னா சொல்றான்?" என்றார் அவர். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை, திரையும் அவர் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

அந்தக் கோப்பைத் திறக்கச் சொல்லி விசையைத் தட்டினேன். கெர்னல் விழுந்தது. நான் திருத்திய அதே வரியில், திருத்தவே இல்லாத மாதிரி.

மெக்கானிக் மூன்று மணிக்கு மேல், பேட்டரி இல்லாமல் வந்தான். ஐந்தேகாலுக்கு கரண்ட் வந்து பெட்டி எழுந்து பாஸ்வேர்டு கேட்டது. அவன் பிறந்த தேதி, நாய் பேர், குலதெய்வம் பேர் என்று அம்மா சொல்லச் சொல்ல இருட்டும் வரை போட்டுப் பார்த்தேன். "போதும் நைனா, நீ கெளம்பு, உங்க வூட்ல தேடுவாங்க" என்றார் கடைசியில். பெட்டியை எங்கள் ஆபீஸில் இரண்டு பேர் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. பழைய லேப்டாப்பில் பதிவான வரிகளையும் காட்டினேன். ஏற்கெனவே மெமரியில் இருந்ததைத்தான் காட்டியிருக்கும் என்றார்கள். மெமரியில் ஏது, அதற்குச் சற்று முன்புதான் லேப்டாப்பைப் புதிதாகக் கிளப்பியிருந்தேன் என்றால், நீ களைத்துப் போயிருப்பாய் என்கிறார்கள்.

அந்தக் கடைசித் தேதியை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடமும் சொல்லப் போவதில்லை. அந்த அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லவில்லை. நல்லதாக இருக்கும் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

போன வாரம் அவர் போன் பண்ணினார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறாராம். "அதுக்குள்ள முடிச்சிடுவான். நீ அன்னிக்கி மட்டும் லீவு போட்டுட்டு வந்துடு நைனா" என்று சொல்லி ஒரு தேதியைச் சொன்னார்.

அதே தேதி.

"அன்னிக்கி இன்னாம்மா?" என்றேன்.

"தெரியல. நீ இருந்தா தேவலன்னு தோணுது."

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.