சூசைமாணிக்கம் எழுதாத பெயர்

கடுக்காய் கேட்டு வந்த பெரியவரிடம் சூசைமாணிக்கம் பொட்டலத்தை உடனே கொடுத்துவிடவில்லை. "இங்கிலீசுல இதுக்கு மைரோபலான்னு பேரு. எங்க, ஒருதரம் சொல்லுங்கப்பு" என்கிறார். பெரியவரோ மூன்று நாள் மலச்சிக்கலோடு நிற்கிறார். கல்லாவில் இருந்த அவர் மனைவி அமலராணி தலையில் அடித்துக்கொண்டாள்.

நாகல் நகரில் இவர்களுடைய நாட்டு மருந்துக் கடைக்கு வருகிற யாரும் இந்தப் பாடத்துக்குத் தப்ப முடியாது. அதிமதுரம் லிக்கரிஸ், திப்பிலி லாங் பெப்பர். எட்டாவதோடு நின்ற மனுஷர், பழைய அகராதி ஒன்றை உருப்போட்டு வைத்திருக்கிறார். டப்பாக்களில் இருந்த தமிழ்ச் சீட்டையெல்லாம் கிழித்துவிட்டு இங்கிலீஷில் ஒட்டியும்விட்டார். அன்றிலிருந்து அமலராணி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்துத்தான் வியாபாரம் செய்கிறாள்.

இத்தனை பெயர் சொல்கிறவர் வசம்புக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அது கைப்பிள்ளை மருந்து, பெயர் சொன்னால் பிள்ளைக்கு ஆகாது. வாங்க வருகிறவர்களும் 'பேர் சொல்லாதது' என்றுதான் கேட்பார்கள். சூசைமாணிக்கம் ஒரு படி மேலே போய், அதை இங்கிலீஷிலும் சொல்ல மாட்டார், எழுதவும் மாட்டார்.

வம்பு அதில்தான் வந்தது. கனடாவில் மகள் ஜெஸ்ஸிக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம். வயிறு உப்பி ஓயாமல் அழுகிறதாம். பிரசவ மருந்துகளோடு வசம்பும் பார்சலில் போனது. பார்சல் படிவத்தில் எட்டுச் சரக்குக்கு முத்து முத்தாக இங்கிலீஷ் பெயர், வசம்புக்கான ஒன்பதாவது வரி காலி. என்ன வேர் என்று தெரியாமல் உள்ளே விட முடியாது என்று கனடா சுங்கத்தில் சொல்லிவிட, பார்சல் அப்படியே திரும்பி வந்துவிட்டது. போனில் பிள்ளையும் அழுதது, ஜெஸ்ஸியும் அழுதாள்.

அமலராணிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, ஊருக்கெல்லாம் இங்கிலீசு சொல்லித் தாறீங்க. அம்புட்டும் எதுக்கு? ஒரு பேரு எழுத மாட்டீங்களா? இங்கிலீசுல எழுதுனா அந்த வேருக்குத் தெரியவா போகுது?"

"தெரியும்டி. பச்சப்புள்ள விசயம். ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"இப்ப மட்டும் நல்லாவா இருக்கு? கத்திக் கத்தித் தொண்ட கட்டிப்போச்சாம்."

மறுநாள் அமலராணியோடு தபால் ஆபீசுக்குப் போன சூசைமாணிக்கம் படிவத்தை வாங்கி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினார். ஒன்பதாவது வரியையும் எழுதினார்.

கவுண்டரில் இருந்த ஸ்டீபன்ராஜ் சரிபார்க்க ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார். "லிக்கரிஸ்... லாங் பெப்பர்... நட்மக்..." எட்டும் முடிந்தது. "ஒம்பது, ஸ்வீ—"

சூசைமாணிக்கம் கவுண்டருக்குள் கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினார்.