லாக்கப் வாசலில் ஓர் அரைஞாண் கயிறு

இன்று ஸ்டேஷனில் எனக்குப் பாரா டூட்டி!

(பாரா என்றால் லாக்கப்புக்குக் காவல். உள்ளே இருக்கும் ஆளை உயிரோடு கோர்ட்டில் சேர்க்கவேண்டும். ஏதாவது ஆனால் பதில் சொல்லவேண்டியது நான். அவ்வளவுதான் வேலை, கேட்க ரொம்ப ஈஸி!)

பெயரெல்லாம் மாற்றியிருக்கிறேன். ஆபீசர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு லைக் போட்டுவிட்டுக் கண்டுகொள்ளாமல் போய்விடவும்.

காலையில் ஓர் ஆளைக் கூட்டிவந்தார்கள். சிவகுமார் என்று வைத்துக்கொள்வோம். சாமளாபுரம் பக்கம் தறி ஓட்டுகிறவன். மனைவி கவிதா, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.

நேற்றுச் சாயங்காலம் வீட்டில் சண்டை. இவன் தள்ளியதில் கவிதாவின் தலை வாசற்படியில் மோதிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பெரியாஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள்.

எனக்கு இவனை முன்பே தெரியும். போன தடவையும் இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். அன்றைக்குக் கவிதா வீங்கிப்போன கையோடு வந்து நின்றாள்.

"பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டனுங்க. அவரு மேல ஒரு தப்பும் இல்லீங்க."

அப்படிச் சொல்லி அவனை அழைத்துக்கொண்டும் போய்விட்டாள்.

(எங்கள் ஏரியாவில் பாத்ரூமெல்லாம் பயங்கரமாக வழுக்கும். பெண்களுக்கு மட்டும்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லாக்கப்பில் விடுவதற்கு முன்னால் பெல்ட், கயிறு, நாடா எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. பெல்ட்டைக் கொடுத்தான். கையில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றையும் கழற்றிக் கொடுத்தான். சட்டையைத் தூக்கச் சொன்னேன். இடுப்பில் சிவப்பு அரைஞாண் கயிறு. முடிச்சு இறுகிப்போய்க் கிடந்தது. அறுக்கத்தான் வேண்டும்.

ட்ரிம்மரை எடுத்தேன். (பனியனில் நூல் பிசிறு வெட்டுகிற குட்டிக் கத்திரி. திருப்பூரில் அது இல்லாத வீடும் கிடையாது, ஸ்டேஷனும் கிடையாது!)

ஆள் அலறிவிட்டான்!

"அறுத்துப்போடாதீங்க ஏட்டய்யா! எம்பொண்டாட்டி உசுரோட இருக்கறாளுங்க!"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கல்யாணமான ஆம்பளைக்கு அரைஞாண் கயிற்றை அறுப்பது பெண்டாட்டி செத்தால்தான். பெண்ணுக்குத் தாலியைக் கழற்றுவது போல.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"தள்ளறப்ப இந்த நெனப்பு எங்கப்பா போச்சு?"

இடுப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

அவனுடைய அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி, இப்ப அறுத்தீங்கன்னா பொழைக்கறவளும் போயிருவாளுங்க. மருமக கண்ணு முழிச்சு ஒரு வார்த்தை சொல்லட்டுமுங்க. வழுக்கி உழுந்தேன்னு சொல்லிப்போடுவா. நல்ல புள்ளைங்க அவ!"

எந்த மாதிரி 'நல்ல புள்ளை' என்றுதான் போன தடவையே பார்த்தேனே!

ஆனாலும் கை வரவில்லை, மக்களே. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று எத்தனையோ பேருக்கு கிளாஸ் எடுத்தவன் நான். அதற்காக, ஒரு பெண் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது அறுக்க மனசு வருமா? என் இடுப்பிலும் ஒன்று இருக்கிறதே!

கயிற்றோடு உள்ளே விடவும் முடியாது. அதனால் என் கண் முன்னாலேயே பெஞ்சில் உட்காரவைத்தேன்.

அம்மா பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். எதற்கென்று எனக்குத் தெரியாதா என்ன?

போன் அடிக்கும்போதெல்லாம் சிவகுமார் எழுந்து நின்றான். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தான். மத்தியானம் சோறும் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து மெதுவாக ஆரம்பித்தான்.

"ஏனுங்க ஏட்டய்யா, சாயங்காலம் ஊட்டுக்குப் போயரலாமுங்களா?"

அடப்பாவி! அவள் பிழைப்பாளா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் என்ன சொல்லுவாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. சொல்லப்போனால் எனக்கும் இல்லை. அதை நினைத்துத்தான் அப்படி ஒரு கோபம் வந்தது.

அப்புறம் போன் வந்தது. ஆஸ்பத்திரி டூட்டியில் இருந்த பெண் போலீஸ் விஜயா.

"ஏட்டய்யா, அந்தப் பொண்ணு கண்ணு முழிச்சிருச்சுங்க. மாமியாக்காரம்மா காதுக்குள்ளயே ஓதிட்டு இருந்துச்சு. 'வழுக்கி உழுந்தேன்னு சொல்லிப்போடு கண்ணு, இல்லீனா அவனை உள்ள போட்டு அர்ணாக்கவுத்தை அறுத்துப்போடுவாங்க'ன்னு. நான் வெளிய அனுப்பிட்டனுங்க."

"பொண்ணு என்ன சொல்லுச்சு?"

போச்சு, மறுபடியும் வழுக்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"கவுத்தை அறுத்தாச்சுங்களான்னு கேட்டுச்சுங்க. பாவம், பயந்துக்குதுன்னு நெனச்சு, 'இன்னும் அறுக்கலம்மா, கவலப்படாதே'ன்னு சொன்னனுங்க."

"அப்புறம்?"

"'அறுத்துடச் சொல்லுங்க அக்கா. அந்தாளுக்கு இனிப் பொண்டாட்டி இல்லீன்னு சொல்லிருங்க'ன்னுச்சு. தள்ளுனது, மிந்தி கைய முறுக்குனது, எல்லாமே சொல்லிருச்சுங்க ஏட்டய்யா. டாக்டரும் பக்கத்துலயே இருந்தாருங்க. ஆனா தலையில அடி, இன்னும் உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதுங்கறாரு."

போனை வைத்துவிட்டு ட்ரிம்மரை எடுத்தேன்.

சிவகுமார் என் முகத்தையே பார்த்தான்.

"சட்டையத் தூக்குப்பா."

இந்தத் தடவை கை வந்தது. கயிறு அறுந்து தரையில் விழுந்தது. அவனும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏட்டய்யா... செத்துட்டாளாங்க?"

"இல்லப்பா. உங்கிட்ட இருந்து பொழச்சிருச்சு."