அணைத்து வைத்த டிவியைப் பார்த்து வாங்கியவள்

சுலோசனாவுக்கு முப்பத்தாறு வயது. மரக்காணம் உப்பளத்தில் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிற வேலை. வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பி, குளித்து, சாப்பிட்டு, கேம் கன்ட்ரோலரைக் கையில் எடுத்துவிட்டாளானால் அப்புறம் அவளிடம் யாரும் பேச முடியாது. ஆடுவது கால்பந்து. நிஜப் பந்தை அவள் காலால் தொட்டதே இல்லை. திரையில் என்றால் பதினோரு ஆம்பிளைகளையும் ஒற்றை ஆளாக ஆட்டி வைப்பாள்.

வீட்டில் இருந்தது சின்னக் கம்ப்யூட்டர் திரை. எப்போதோ மூடிப்போன ஜெராக்ஸ் கடையில் வாங்கியது. நாலு பேர் சேர்ந்து பார்க்க முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டமெல்லாம் பக்கத்து ஊர் அனுமந்தையில், ஆரோக்கியராஜ் வீட்டுப் பெரிய டிவியில்தான் நடக்கும். ஆரோக்கியராஜ் கடலுக்குப் போகிறவர். அவர் மனைவி அமுதவல்லி, சுலோசனாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

ஆன்லைனில் ஊர் பேர் தெரியாத ஆட்களையெல்லாம் ஓடவிடுகிற சுலோசனா, அனுமந்தையில் ஆரோக்கியராஜோடு ஆட உட்கார்ந்தால் மட்டும் தோற்பாள். ரெண்டு வருஷமாக ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

"அண்ணா, உங்க டிவி லேட்டுண்ணா. நான் இங்க அமுக்குறேன், அவன் அங்க ஆற அமர ஒதைக்கிறான்."

"டிவி எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா? எனக்கு மட்டும் வேற டிவியா?" என்று ஆரோக்கியராஜ் சிரிப்பார். ஒருநாள் அதோடு நிற்காமல், "உப்பு வார்ற கை. மெதுவாத்தான் போவும்" என்றும் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தை சுலோசனாவுக்குச் சுருக்கென்று தைத்தது. கையைச் சொல்லலாமா? அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். சொந்தமாகப் பெரிய டிவி வாங்கி, இதே மனுஷனை வீட்டுக்கு அழைத்து, தோற்றது கையா டிவியா என்று காட்டியே தீர வேண்டும். காட்ட முடியாமல் போனால்? கைதான் மந்தம் என்று ஒப்புக்கொண்டு கன்ட்ரோலரைப் பரணில் போட வேண்டியதுதான்.

பாண்டிக்கு பஸ் ஏறும்போது கேம் பெட்டியையும் கட்டைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். கூட வந்த கணவன் தங்கராசுவுக்கு ஒரே வெட்கம். உப்பளத்தில் மோட்டார் பார்க்கிறவன், அதிகம் பேசமாட்டான்.

கடையில் ஒரு சுவர் முழுக்க டிவி. ஒன்றில் கிளி பறந்தது, ஒன்றில் தேன் ஒழுகியது, ஒன்றில் யாரோ மாம்பழம் நறுக்கினார்கள். டை கட்டிய விற்பனையாளர் ஓடி வந்து, "மேடம், கலர் பாருங்க, கலர்!" என்றார்.

"எல்லாத்தையும் அணைங்க சார்," என்றாள் சுலோசனா.

"அணைக்கணுமா?"

"அணைச்சாத்தானே தெரியும்."

அவர் தங்கராசுவைப் பார்த்தார். தங்கராசு கூரையைப் பார்த்தான்.

கறுப்பாகக் கிடந்த திரைகளுக்கு முன்னால் சுலோசனா தலையைச் சாய்த்தபடி நடந்தாள். பாத்தியில் உப்பு விளைந்ததா என்று நேராகப் பார்த்தால் தெரியாது, வெயில் கண்ணைக் குத்தும். சாய்ந்துதான் பார்க்க வேண்டும். அதே பார்வைதான் இதுவும். அவள் வீட்டு வாசலுக்கு எதிரே உப்பளம். மத்தியான வெளிச்சம் அத்தனையும் கூடத்தில் வந்து விழும். பளபளவென்று மின்னிய நாலு டிவிகளில் கடையின் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. ஐந்தாவதில் வெறும் மங்கல்தான்.

"மேடம், அது கொஞ்சம் டல்லு."

"எனக்கு அதுதான் வேணும். இப்ப போடுங்க, என் பெட்டியை மாட்டிப் பாக்கணும்."

அமுக்கினாள். ஒரு நொடி தாமதம். அனுமந்தையில் பார்த்த அதே ஆற அமர ஒதை. அவள் முகம் வாடியதைப் பார்த்து, விற்பனையாளரே ரிமோட்டை எடுத்தார். "டிவி படத்தை மெருகு போட்டு அப்புறம்தான் காட்டும் மேடம். கேம் மோட் போட்டா அந்த வேலையை விட்டுடும்."

மறுபடி அமுக்கினாள். விரல் அசைந்ததும் பந்து பறந்தது. "ஐயோ!" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "தோ பாருங்க, தோ! என் கைதான் இது!" ஐம்பத்தைந்து இன்ச். பில் போடச் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை கம்பெனி ஆள் வந்து சுவரில் மாட்டி, பெட்டியின் ஒயரை டிவியின் இரண்டாவது துளையில் சொருகினார். "கேம் மோட் இந்தத் துளைக்கு மட்டும்தான் போட்டிருக்கேன்" என்று தங்கராசுவிடம் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் முழுக்க சுலோசனா ஆடினாள். விட்ட பந்து ஒன்றுகூட இல்லை. அமுதவல்லிக்குப் போன் போட்டு, "நாளைக்கு அண்ணனை அழைச்சுக்கிட்டு வா" என்றாள். சந்தோஷத்தில் குரல் கீச்சென்றது.

ஞாயிறு மூன்று மணி. உப்பளத்து வெளிச்சம் கூடத்தில் கொட்டியது, திரையில் ஒரு துளி ஒட்டவில்லை. ஆரோக்கியராஜே அசந்துபோனார். ஆட்டம் தொடங்கியது. சுலோசனா அமுக்கினாள்.

ஆற அமர ஒதைத்தான்.

மறுபடி அமுக்கினாள். அதே தாமதம். ஒரு கோல், இரண்டு, மூன்று. "புது டிவியும் லேட்டாம்மா?" என்றார் ஆரோக்கியராஜ், சிரிப்பை அடக்கிக்கொண்டு. சுலோசனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியானால் கைதானா? நேற்று ஆடியது யார் கை?

எழுந்து போய் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். துளைகளெல்லாம் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் அழகாக ஒட்டப்பட்டிருந்தன. திறந்திருந்தது முதல் துளை ஒன்றுதான், ஒயர் அதில் இருந்தது.

"யோவ்! இது யாரு வேலை?"

தங்கராசு விழித்தான். "உப்புக் காத்து அரிச்சுடுமே... மோட்டாருக்கு ஒட்டுற மாதிரிதான் நேத்து ராத்திரி ஒட்டினேன். ரெண்டாவது ஜன்னல் பக்கம் இருந்துச்சு. அதான் ஒயரை உள்பக்கம் மாத்திட்டேன்." கேம் மோட் சமாச்சாரத்தை அவன் அந்த நிமிஷம்தான் நினைத்துப் பார்த்தான். "ஐயோ, கேம் மோட் ரெண்டாவதுக்கு மட்டும்தான்னு சொன்னாரே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

உப்புக்காற்றில் வாழ்கிற ஊரில் புது மிஷின் வந்தால் முதல் வேலை டேப் ஒட்டுவதுதான். அவனை என்ன சொல்வது? நகத்தால் டேப்பைக் கிழித்து, ஒயரைப் பிடுங்கி, இரண்டாவது துளையில் சொருகினாள்.

"இன்னொரு ஆட்டம்ணா."

இந்த முறை விரல் சொன்னதைப் பந்து கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவது கோலுக்கு அமுதவல்லியே கட்சி மாறிக் கைதட்டினாள். ஆரோக்கியராஜின் ஆட்களோ பந்து வருவதற்கு முன்பே காலை வீசிவிட்டு நின்றார்கள். நாலாவது கோல் விழுந்ததும் அவர் கன்ட்ரோலரை உதறினார்.

"டிவி சரியில்லம்மா! பந்து வர்றதுக்குள்ள ஒதைச்சுடுறான்!"

"டிவி எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்றாள் அமுதவல்லி.

தங்கராசு குபீரென்று சிரித்துவிட்டான். சுலோசனாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது, மீன் பிடிக்கிற கை என்று. ரெண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த பதில். ஆனால் ஆரோக்கியராஜ் தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இல்ல அமுதா, அண்ணன் சொல்றது நிஜம்," என்றாள். "அவங்க வீட்டு டிவிக்கு அவரு கை முன்னாடியே அமுக்கிப் பழகிப்போச்சு. கையில ஒண்ணும் குறையில்ல. டிவிதான்."

ஆரோக்கியராஜ் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீ ரெண்டு வருஷமா சொன்னது?"

"அதேதாண்ணா."

அவர் பாயில் சம்மணத்தைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினார். சுலோசனா கன்ட்ரோலரை எடுத்துக் கொடுத்தாள்.