மூன்று ஞாயிற்றுக் கோட்டு

பூசைக்கு வந்தால் ஃபெஸ்டி ரூவேன் பெஞ்சில் உட்கார்ந்ததே கிடையாது. கதவுக்கு உள்பக்கம், தீர்த்தத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே, அவருக்கென்று ஒரு தரைக்கல் உண்டு. தொப்பியைக் கழற்றி இரண்டாக மடிப்பார். கல்லின்மேல் வைத்து உள்ளங்கையால் ஒருமுறை தட்டுவார், தூங்கும் நாயைத் தட்டுவதுபோல. பிறகு இடது முழங்காலை அதில் ஊன்றி, வலது முழங்காலை நிறுத்தி, அதன்மேல் முழங்கையை வைத்து, கையில் மோவாயைத் தாங்கிக்கொள்வார். பிரசங்கம் எவ்வளவு நீண்டாலும் கால் மாறாது. மேயோ மாவட்டத்தின் அந்தக் கோயில் பங்கில் ஆண்கள் பாதிப் பேர் இப்படித்தான் பூசை காண்பார்கள். ஃபெஸ்டிக்கு அடுத்த கல் கோல்மன் டெவானியுடையது. அந்த நவம்பரில் அது காலியாக இருந்தது. கோல்மனின் கோட்டு மட்டும் பூசைக்கு வந்திருந்தது, ஃபெஸ்டியின் உடம்பில்.

அது அவர்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டது. இறந்தவரின் உடுப்பை அவர் உடல்வாகு உள்ள ஒருவர் மூன்று ஞாயிறு பூசைக்கு அணிந்து போகவேண்டும். அப்போதுதான் மறு உலகம் போனவருக்கு அங்கே உடுக்க ஏதாவது இருக்கும். இளம் பாதிரியார் இதைக் கேட்டால் கூரையைப் பார்ப்பார். ஆனால் கோல்மனும் ஃபெஸ்டியும் ஒரே உயரம், ஒரே அகலம், இருவருக்கும் வலது தோள் சற்று இறக்கம். சதுப்பில் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், தேநீர்ப் போத்தலை நீட்டியபடி கோல்மன் சொன்னார்: "முன்னாடி போறவன் கோட்ட மத்தவன் போட்டுக்கணும். நான் குளுரு தாங்கமாட்டேன்டா, உனக்கே தெரியும்." ஃபெஸ்டி தலையாட்டினார். அவர் தலையாட்டினால் அது பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி.

ஃபெஸ்டி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கவுன்சிலில் சாலை வேலை, நான்கு மாடு, ஒரு நாய், சிகாகோவில் ஒரு தங்கை. கோல்மனுக்கு மூன்று பிள்ளைகள். டெவானி வீட்டில் சத்தம் கேட்காவிட்டால்தான் அக்கம்பக்கம் கவலைப்படும். சண்டை உருளைக்கிழங்கு வெந்ததா வேகவில்லையா என்பதில் ஆரம்பித்து, பத்து வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் பரிசில் போய் முடியும். மனைவி இறந்த பிறகு கோல்மன் சாயங்காலமானால் ஃபெஸ்டியின் அடுப்படிக்கு வந்துவிடுவார். பைப்பைப் பற்றவைப்பார். இருவரும் ஒன்றும் பேசமாட்டார்கள். அந்த ஒன்றுமில்லாததற்காகத்தான் அவர் வந்தார் என்பது ஃபெஸ்டிக்குத் தெரியும்.

கோல்மன் சாவதற்கு முந்தைய வசந்தத்தில் ஆற்றோர வயலை விற்றிருந்தார். பணத்தை ரொக்கமாக வாங்கினார். அடக்கம் முடிந்து பார்த்தால் அது வங்கியில் இல்லை, வீட்டிலும் இல்லை. பிள்ளைகள் மெத்தையைக் கிழித்தார்கள். இயேசுவின் திருஇருதயப் படத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தார்கள். கோழிக்கூட்டைத் தோண்டினார்கள், கோழிகள் ஒரு வாரம் முட்டையிடவில்லை. பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரே நினைப்பு வந்தது. அப்பா அந்தக் கோட்டைக் கொஞ்ச நாளாக யாரையும் தொடவிடவில்லை.

முதல் ஞாயிறு முடிந்த மறுநாளே மகன் மலாக்கி வந்தான். பால்பண்ணை லாரி ஓட்டுகிறவன். கையில் அரை போத்தல் விஸ்கி.

"கோட்டு எப்படி ஃபெஸ்டி, குளுருக்குத் தாங்குதா?" என்றபடி முதுகைத் தடவினான். கை அப்படியே தையலோடு இறங்கி இடுப்புவரை போயிற்று.

"என்னடா, மாடு சினையான்னு பாக்குறியா?"

"பாசம் ஃபெஸ்டி. அப்பா ஞாபகம்."

"உங்கப்பா முதுக நீ ஒரு நாளும் தடவிப் பாத்ததில்லையே."

மலாக்கி சிரித்தான். "நான் வந்தத அக்காகிட்ட சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். எதற்குச் சொல்லக்கூடாது என்று ஃபெஸ்டிக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை சின்னவள் டிம்ப்னா, டவுனிலிருந்து காரில். மருந்துக்கடைக்காரர் மனைவி. பன்றிக்கறி கொண்டுவந்திருந்தாள். கோட்டைச் சலவைக்குக் கொடுத்து வாங்கித் தருவதாகச் சொன்னாள்.

"மூணு ஞாயிறு முடியட்டும்மா."

"அழுக்கோட போனா அப்பாவுக்கு மரியாதையா?"

"உங்கப்பா அழுக்கோடதானம்மா போவாரு."

அவளும் வாசலில் திரும்பி, "நான் வந்தது அவங்க ரெண்டு பேருக்கும் தெரியவேண்டாம்" என்றாள்.

ஃபெஸ்டி அன்று கோட்டை ஆணியில் மாட்டி, எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்தார். அவருக்கு அதனோடு வேறு ஒரு குழப்பமும் இருந்தது. கையை நுழைத்தால் கோட்டின் கை விரல் கணுவரை வந்தது. ஒரே அளவு உடம்புதானே? மனிதன் செத்தபின் கோட்டு வளருமா, அல்லது மிஞ்சி இருப்பவன் சுருங்குவானா? பைப் வாசனையும் இல்லை. காலரில் மூக்கை வைத்தால் லேசாகப் பெப்பர்மின்ட் வந்தது. துக்கத்தில் மூக்கும் கெட்டுப்போகும் போல என்று எண்ணிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மூத்தவள் ஊனா. அப்பாவோடு கடைசிவரை இருந்தவள். ஏப்ரன் பையில் கத்தரிக்கோல் துருத்திக்கொண்டிருந்தது.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது ஃபெஸ்டி. வயல் வித்த பணம் அந்தக் கோட்டு லைனிங்ல இருக்கு. வெட்டி எடுத்துட்டுத் தச்சுத் தர்றேன். அஞ்சு நிமிஷம்."

அப்போதுதான் ஃபெஸ்டிக்கு அந்த வாரம் நடந்தது முழுவதும் புரிந்தது. அதாவது பாதி.

"அதுக்குத்தானா கறியும் விஸ்கியும்?"

ஊனாவின் முகம் மாறியது. "யாரு வந்தா?"

ஃபெஸ்டி நாயைப் பார்த்தார். நாயும் ஒன்றும் சொல்லவில்லை.

"வெட்டிட்டா அது கோட்டு இல்லம்மா, துணி. வெட்டுன துணியப் போட்டுக்கிட்டு உங்கப்பன அங்க நிக்கச் சொல்றியா? அவன் குளுரு தாங்கமாட்டான். மூணாவது ஞாயிறு முடிஞ்சதும் உங்க வீட்டு மேசையில வச்சுடுறேன். அப்புறம் கறியாக்கூட நறுக்கிக்கோ."

அவள் கத்தரிக்கோலை உள்ளே தள்ளினாள். "தூங்கும்போது கதவைத் தாள் போடுங்க. மலாக்கிய நம்பாதீங்க."

மூன்றாவது ஞாயிறன்று கோயிலின் கதவருகே இதுவரை இல்லாத நெரிசல். கோல்மனின் காலிக் கல்லில் மலாக்கி மண்டியிட்டிருந்தான், இரண்டு முழங்காலையும் போட்டு. அந்த இடத்தில் அப்படிச் செய்பவன் பழக்கமில்லாதவன். டிம்ப்னா கடைசிப் பெஞ்சில் பக்கவாட்டாக உட்கார்ந்து பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊனா தீர்த்தத் தொட்டியிலேயே சாய்ந்து நின்றாள்; வருகிறவர்கள் அவள் முழங்கையைத் தாண்டி விரல் நனைத்தார்கள். மூவரும் ஒரே கூரையின்கீழ் சண்டையில்லாமல் இருந்ததைப் பார்த்துப் பாதிரியார் பிரசங்கத்தில் ஒருமுறை தடுமாறினார். ஃபெஸ்டி கண்ணை மூடி, எங்கோ தூரத்தில் ஒரு மனிதன் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்வதை நினைத்தார்.

டெவானி வீட்டு மேசையில் கோட்டைக் கழற்றி வைத்தபோது அவருக்கு உடம்பு லேசாயிற்று.

"நான்தான் வெட்டுவேன்" என்றாள் டிம்ப்னா.

"உனக்குத் தையல் தெரியுமா? உன் பேன்ட்டுக்கு ஓரம் நான்தான் அடிச்சுக் குடுக்குறேன்" என்றாள் ஊனா.

"அந்த லட்சணத்துக்குத்தான் ரெண்டு காலும் வேற வேற நீளம்."

"யாராவது ஒருத்தி வெட்டுங்க," என்றான் மலாக்கி, "இல்லாட்டி பல்லால கடிக்கிறேன்."

ஊனா வெட்டினாள். லைனிங் பழத்தோல்போல் உரிந்தது. குதிரைமயிர்த் துணி இருந்தது. பஞ்சு இருந்தது. ஒரு பெப்பர்மின்ட் இருந்தது. லைனிங் மறைத்திருந்த இடத்தில், மார்புக்கு நேராகக் கடையின் பெயர்ச்சீட்டு ஒன்று தைத்திருந்தது. மலாக்கி எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"பர்மிங்ஹாம். அப்பா எப்ப பர்மிங்ஹாம் போனாரு?"

"ஜென்மத்துல போனதில்ல" என்றாள் டிம்ப்னா.

அந்த வீட்டில் அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்தது கோல்மனைக் கிடத்தியிருந்தபோதுகூட இல்லை. பிறகு ஊனா மெல்ல உட்கார்ந்தாள். துஷ்டிக்கு வந்தவர்கள் கோட்டுகளைப் பின்னறைக் கட்டிலில் குவித்திருந்தார்கள், எல்லாம் கறுப்பு, எல்லாம் மழை வாசனை. யாரோ அப்பாவின் கோட்டையும் அதோடு போட்டிருக்க வேண்டும். கப்பலைப் பிடிக்க இருட்டோடு கிளம்பி, குவியலில் கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு போனவன் பெரியப்பா மகன் எண்டா. பர்மிங்ஹாம் எண்டா. எப்போதும் வாயில் மிட்டாய். கட்டிலில் கடைசியாக மிஞ்சிய கோட்டைத்தான் அவள் ஃபெஸ்டியிடம் கொடுத்தாள்.

"நீ குடுத்ததுதானே அக்கா."

"கட்டில்ல எறிஞ்சது யாரு?"

"எண்டாவ ஏன் ராத்திரி தங்கவச்சீங்க?"

சண்டை பழைய வேகத்துக்கு வந்தது. ஃபெஸ்டி அதைக் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான், யாரிடமும் இல்லாமல்: "அப்ப கோல்மன் எதப் போட்டிருக்கான்?"

மறுநாள் தபால் நிலையத்துத் தொலைபேசிக் கூண்டுக்குள் மூவரும் நுழைந்தார்கள், கதவு சாத்தவில்லை. மலாக்கி காசு போட்டான். எண்டாவின் குரல் வெளியே நின்ற ஃபெஸ்டிக்கே கேட்டது.

"ஆமாப்பா, கொஞ்சம் குட்டையா இருக்கேன்னு பாத்தேன். நல்ல கோட்டு, என்ன கனம். நேத்து பஸ்ல விட்டுட்டேன்."

மலாக்கி ரிசீவரால் கூண்டின் கண்ணாடியைத் தட்டினான். அதற்குள் காசு தீர்ந்தது. எந்த பஸ், எங்கே போன பஸ் என்று கேட்கவேண்டியதைக் கேட்காமல், யார் இன்னொரு காசு போடுவது என்று மூவரும் அடித்துக்கொண்டார்கள். டிம்ப்னா பிறகு பஸ் அலுவலகத்துக்கு எழுதினாள். கோட்டு எதுவும் வரவில்லை என்றார்கள். அதில் பணம் இருந்ததா என்பதே இன்றுவரை தெரியாது.

அந்தக் குளிர்காலம் ஃபெஸ்டி தன் சொந்தக் கோட்டைப் பித்தான் போடாமலே அணிந்தார். கேட்டால், சூடாக இருக்கிறது என்பார். மழை பெய்யும் இரவுகளில் அடுப்பில் இன்னும் இரண்டு கரிமண் கட்டி வைத்து, எதிர் நாற்காலியை நெருப்புக்குப் பக்கத்தில் இழுத்துப்போடுவார்.

அடுத்த ஜூலையில் எண்டா ஊருக்கு வந்தபோதுதான் ஃபெஸ்டியிடம் பேச்சுவாக்கில் சொன்னான். பல வருஷமாகக் கோயில் பக்கமே போகாதவன் அவன். சித்தப்பா செத்த மாதமாவது போ என்று மனைவி பிடித்துத் தள்ளியதால், மூன்று ஞாயிறு தொடர்ந்து அந்தக் கோட்டோடு பூசைக்குப் போயிருக்கிறான். மூன்றாவது பூசை முடிந்து திரும்பும் வழியில்தான் அது பஸ்ஸில் போயிற்று.